கூட வந்தவர்

மலைப்பாதையில் மிதிவண்டியோடு செல்பவர்களுக்கு ஓர் உண்மை விரைவிலேயே விளங்கிவிடும். சமவெளியில் வண்டி நம்மைச் சுமக்கிறது. மேட்டில் நாம் வண்டியைச் சுமக்கிறோம். எங்கள் தந்தை இதை அடிக்கடி சொல்லுவார். அவர் உபதேசியார். திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரப் பங்கு ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவர். மாதத்தில் ஒரு முறை, கேரியரில் ஒரு துணிமூட்டையையும் செபப் புத்தகத்தையும் கட்டிக்கொண்டு, கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டங்களில் வேலை செய்த குடும்பங்களைப் பார்க்கப் புறப்படுவார். ஏறும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்பார். இறங்கும்போதுதான் ஏறி அமர்வார். "ஏறுறப்ப நான் அதுக்கு உபகாரம் பண்றேன், எறங்குறப்ப அது எனக்குப் பண்ணுது" என்பார். சிறுவர்களாயிருந்த எங்களுக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சாகவே பட்டது.

அவர் இறைவனடி சேர்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்ற பிப்ரவரி மாதத்தில், அவர் சென்ற வழியே நாங்கள் இருவரும் மிதிவண்டியில் ஐந்து நாள் பயணம் சென்று வந்தோம். நாங்கள் என்றால் அவருடைய மைந்தர் இருவர், அண்ணனும் தம்பியும். இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். பயணம் புறப்பட்ட நாளுக்கு முன் நான்கு ஆண்டுகளாக ஒருவரோடொருவர் பேசாதிருந்தவர்கள். எங்கள் தாயின் மறைவுக்குப் பின், வீட்டைப் பங்கிடுவதில் மூண்ட பிணக்கு வழக்குமன்றம் வரை சென்றிருந்தது.

இக்கட்டுரையை நாங்கள் இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து எழுதுகிறோம். எனவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். 'எங்களில் ஒருவர் இதைச் செய்தார், மற்றவர் அதைச் சொன்னார்' என்று வருமிடங்களில் எவர் அண்ணன், எவர் தம்பி என்பதைக் கூறப்போவதில்லை. எவர் செய்தது எது என்பதை வழக்கு மனுக்களில் இருவருமே வேண்டிய மட்டும் எழுதியாயிற்று.

பயணத்துக்கு வித்திட்டவர் எங்கள் அக்கா. அவர் ஒரு துறவற சபையின் சகோதரி. தந்தையின் நினைவு நாளுக்கு நாங்கள் இருவரும் தனித்தனியே, வெவ்வேறு கோவில்களில் திருப்பலிக் கருத்துக் கொடுத்திருந்தோம். அது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. இருவருக்கும் ஒரே கடிதத்தை எழுதினார். "ஒரே அப்பாவுக்கு ரெண்டு பூசை வைக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வைக்கிற பூசை அப்பாவுக்கு வேண்டாம். அடுத்த வாய்தா மார்ச்சில்தானே? அதற்குள் அப்பா போன வழியில் இருவரும் சேர்ந்து ஒருமுறை போய் வாருங்கள். பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சேர்ந்து போனால் போதும்" என்று அதில் இருந்தது. பேச வேண்டியதில்லை என்ற ஒரு சலுகையினால்தான் இருவரும் ஒப்புக்கொண்டோம்.

மிதிவண்டியின் சட்டத்திலேயே பைகளைக் கட்டிக்கொண்டு பல நாள்கள் பயணம் செய்யும் வழக்கம் மேல்நாடுகளில் நன்கு பரவியிருக்கிறது. அலாஸ்கா, கனடா வழியாகச் சென்ற இத்தகைய பயணம் ஒன்றைப் பற்றி 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழ் 1973-ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டது. வழிகாட்டி கிடையாது, பின்னால் சாமான் ஏற்றிவரும் வண்டி கிடையாது. உண்பது, உடுப்பது, பழுதுபார்ப்பது எல்லாம் உடன் வர வேண்டும். எங்கள் வீட்டு இளைஞன் ஒருவன் பல்சக்கரங்கள் மாற்றும் வசதியுள்ள இரு வண்டிகளைத் தயார் செய்து தந்தான். ஹேண்டில்பாரில் ஒரு பை, சட்டத்தின் நடுவே முக்கோணமாய் ஒரு பை, இருக்கைக்குப் பின்னே நீண்டதாய் ஒரு பை. ஆளுக்கு ஒன்பது கிலோ.

அவனே சுமையையும் பகிர்ந்தான். "ஒரே பொருளை ரெண்டு பேரும் தூக்க வேண்டாம்" என்று சொல்லி, காற்றடிக்கும் பம்பையும் திருப்புளிகளையும் ஒருவர் பையில் வைத்தான். பஞ்சர் ஒட்டும் பெட்டியை மற்றவர் பையில் வைத்தான். அடுப்பு ஒருவரிடம், தீப்பெட்டி மற்றவரிடம். அவன் சிக்கனத்துக்காகச் செய்தானா, வேறு எண்ணத்தோடு செய்தானா என்பதை இன்றுவரை கேட்கவில்லை. நம் ஆண்டவர் சீடர்களை இருவர் இருவராக அனுப்பியபோது உணவோ பையோ பணமோ எடுத்துச் செல்ல வேண்டாம் என்று கட்டளையிட்டதாக மாற்கு நற்செய்தி கூறுகிறது. பை வேண்டாமென்றவர் துணை வேண்டாமென்று கூறவில்லை. இதை நாங்கள் எண்ணிப் பார்த்தது பின்னால்தான்.

தந்தையின் குறிப்பேடு ஒன்றும் எங்களோடு வந்தது. நீளவாக்கில் மடித்த பழைய கணக்குப் புத்தகம். எந்தத் தோட்டத்தில் எத்தனைக் குடும்பம், எவருக்குத் திருமுழுக்கு ஆகவில்லை, எங்கே குடிக்கத் தண்ணீர் உண்டு என்பவை அதில் இருந்தன. தூரத்தை அவர் மைல் கணக்கில் எழுதவில்லை. செபமாலைக் கணக்கில் எழுதியிருந்தார். 'ஊற்றிலிருந்து பாறைக்கு மூன்று செபமாலை' என்பதுபோல. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு செபமாலை சொல்லி முடிக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் நடக்கலாம் என்பதைப் பின்னர் நாங்களே சோதித்து அறிந்தோம்.

முதல் நாள் திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி, சித்தையன்கோட்டை வழியாக அய்யம்பாளையம் சென்றோம். சமவெளி, பெரும்பாலும் தென்னந்தோப்புகள். எங்களுக்குள் ஐந்தாறு சொற்களே புழங்கின. "லாரி", "வலது", "தண்ணி", "நிப்போம்". ஒருவர் முன்னே போவார், மற்றவர் இருபது அடி பின்னே. பார்ப்பவர்களுக்கு நெருங்கிய தோழர்கள்போல் தோன்றியிருப்போம். இரவு அடிவாரத்தில் ஒரு பங்குத்தந்தை தங்க இடம் கொடுத்தார். உணவுக்குப் பின் எங்கள் வீட்டுச் செய்திகளை அவர் விசாரித்தபோது, இருவரும் அவரை நோக்கியே விடை சொன்னோம். அவர் புரிந்துகொண்டார் போலும். மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரே அறையில் இரண்டு பாய்களை விரித்துக் கொடுத்துவிட்டுச் சென்றார்.

இரண்டாம் நாள் ஏற்றம். அய்யம்பாளையத்துக்கு மேலே சாலை வளைந்து வளைந்து பெரும்பாறையை நோக்கி ஏறுகிறது. எங்கள் வண்டியின் முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் 22 பற்கள்; பின்பக்கப் பெரிய சக்கரத்தில் 34 பற்கள். அந்த இணைப்பில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்கூட நகர்வதில்லை. தந்தையின் பழைய வண்டியில் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நகர்ந்தாக வேண்டும். மேட்டில் அது மனிதக் கால்களால் ஆகாத காரியம். அவர் தள்ளிக்கொண்டு நடந்ததன் காரணம் அன்றுதான் எங்கள் முழங்கால்களுக்குப் புரிந்தது. அத்தனை வசதியிருந்தும் செங்குத்தான சில வளைவுகளில் நாங்களும் இறங்கித் தள்ளவே செய்தோம். இறங்குவதில் முதல்வராக இருவருமே விரும்பவில்லை. ஒருவர் இறங்கிய அடுத்த கணமே மற்றவரும் இறங்கினார். அவ்வளவு நேரம் அதற்காகவே காத்திருந்தவர்போல.

உயரம் கூடக்கூடத் தென்னையும் மாவும் பின்தங்கின. எலுமிச்சையும் வாழையும் வந்தன. பிறகு, உயர்ந்த நிழல் மரங்களின் கீழே காப்பிச் செடிகள். அம்மரங்களின்மேல் மிளகுக் கொடிகள். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும் என்பார்கள். பிற்பகலில் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை வேண்டியிருந்தது.

தடியன்குடிசையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதனருகே சாலையோரத்தில் இளைப்பாறியபோது, வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு விவசாயியிடம் பேசினோம். விருப்பாச்சி, சிறுமலை ஆகிய மலைவாழைகள் 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றவை. ஆயினும் இம்மலைகளில் ஒரு காலத்தில் பரந்திருந்த வாழைத் தோட்டங்கள் முடிக்கொத்து நோயினால் பெருமளவு அழிந்துபோயின. இலைகள் விரியாமல் உச்சியில் கொத்தாய்ச் சுருங்கும், தார் விடாது. அசுவினிப் பூச்சி அதைப் பரப்புகிறது. "பூச்சி மட்டுமில்லீங்க. சீக்கு வந்த தாயிலருந்து கன்னு எடுத்து நட்டா, அந்தக் கன்னும் சீக்கோடதான் வரும். பாத்தா நல்லாத்தான் தெரியும். அப்பறந்தான் காட்டும்" என்றார் அந்த விவசாயி. அதனால்தான் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைத் தருகிறார்கள் என்றும் சொன்னார். எங்களுக்குப் பழம் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார்.

அன்று மாலை தாண்டிக்குடிப் பக்கம் சேர்ந்தோம். குறிப்பேட்டில் பதினான்கு குடும்பங்கள் என்றிருந்த ஒரு தோட்டத்து வரிசையில் இப்போது ஆறு வீடுகளே திறந்திருந்தன. மற்றவர்கள் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்குப் போய்விட்டார்களாம். திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, தந்தையின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார். "உபதேசியார் மக்களா? ரெண்டு பேரும் சேந்தா வந்திருக்கீங்க?" என்று கேட்டு எங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை வரைந்தார். காப்பி போட்டுக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன ஒரு செய்தியை நாங்கள் அதுவரை அறிந்ததில்லை.

"ஒங்க சித்தப்பா செத்துப்போன சேதி வந்தப்ப உபதேசியார் இங்கதான் இருந்தாரு. இந்தத் திண்ணையிலதான் உக்காந்து அழுதாரு. 'போய்ப் பாத்திருக்கலாமே, போய்ப் பாத்திருக்கலாமே'ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. செபம் சொல்ல வந்தவருக்கு அன்னைக்கு நாங்கதான் செபம் சொன்னோம்."

எங்களுக்கு ஒரு சித்தப்பா உண்டு என்பதும், அவர் வேறு ஊரில் இருந்தார் என்பதும் தெரியும். வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. ஏன் எழுவதில்லை என்று நாங்கள் கேட்டதுமில்லை. ஊர் ஊராய்ச் சென்று சண்டையிட்ட குடும்பங்களைச் சேர்த்து வைத்த எங்கள் தந்தை, தம் உடன்பிறந்தவரோடு பேசாமலே இருந்திருக்கிறார் என்ற செய்தி அன்றுதான் எங்கள் காதில் விழுந்தது. அன்றிரவு அந்த வீட்டுத் திண்ணையிலேயே படுத்தோம். இருவருக்கும் உறக்கமில்லை என்பது இருவருக்கும் தெரியும். வாழைக்கன்றைப் பற்றி அந்த விவசாயி சொன்னது எங்கள் இருவர் நினைவிலும் ஒரே நேரத்தில் எழுந்தது என்பதைப் பின்னால் பேசிக்கொண்டபோதுதான் அறிந்தோம்.

மூன்றாம் நாள் காலையில், ஊருக்குப் புறத்தேயுள்ள கல்திட்டைகளைக் காணச் சென்றோம். பெரிய பலகைக் கற்களைச் சுவர்களாய் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாய் வைத்த பழங்கால ஈமச் சின்னங்கள் இவை. செண்பகனூர் இயேசு சபைத் துறவியான அருட்தந்தை ஆங்கிலேடு, நியூட்டன் என்பவரோடு இணைந்து, பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை 1928-இல் தொல்லியல் துறை வெளியிட்டது. அந்த மூடுகல் ஒவ்வொன்றும் ஒருவரோ இருவரோ தூக்கக்கூடியதன்று. இறந்தவர் ஒருவருக்காகப் பலர் சேர்ந்து சுமந்திருக்கிறார்கள். எங்கள் தாயின் அடக்கத்தன்று சவப்பெட்டியின் முன்புறத்தை இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தோளில் தாங்கியதே நாங்கள் சேர்ந்து சுமந்த கடைசிச் சுமை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போதுதான் அந்தச் சொல் வாயிலிருந்து வந்தது. எவர் வாயிலிருந்து என்று சொல்லப்போவதில்லை.

அங்கிருந்து பண்ணைக்காட்டுக்குப் புறப்பட்டபோது இருவர் மனமும் சரியில்லை. மூதாட்டியின் பேச்சைப் பற்றி முதலில் வாய்திறக்க இருவரும் அஞ்சினோம் என்பதே உண்மை. எங்களில் ஒருவர் வேகமாக மிதித்து முன்னே போய்விட்டார். சாலை வளைவில் மறைந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் பின்னால் வந்தவரின் பின்சக்கரம் காற்று இறங்கியது. அவர் பையில் பஞ்சர் பெட்டி இருந்தது, பம்பு இல்லை. கைப்பேசியில் கூப்பிடவும் அவ்விடத்தில் தொடர்பு கிடைக்கவில்லை. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வழியில் காய்கறி ஏற்றிய வேன் ஒன்று நின்று, "ஏறிக்கங்க ஐயா" என்றது. அவர் மறுத்துவிட்டார். ஏன் மறுத்தார் என்பதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். நடந்த ஒவ்வொரு கிலோமீட்டரையும் அவர் கணக்கில் வைத்துக்கொண்டிருந்தார். 'இதோ, இப்படித்தான் என்னை விட்டுச் சென்றாய்' என்று காட்டுவதற்குத் துன்பம் முழுமையாய் இருக்க வேண்டுமல்லவா? வேனில் ஏறினால் அது குறைந்துவிடும்.

முன்னே சென்றவர் பண்ணைக்காட்டில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தார். இரண்டு தேநீருக்குச் சொன்னார். ஒன்றைக் குடித்தார், மற்றொன்று ஆறி ஆடை படிந்தது. கடைக்கார அம்மாள் கேட்டார்.

"கூட வந்தவரு எங்கய்யா?"

"பின்னால வர்றாரு."

"யாரு, கூட்டாளியா?"

நான்கு ஆண்டுகளாக அவர் மற்றவரைக் குறிப்பிட்ட சொல் 'எதிர்த்தரப்பு' என்பதுதான். வழக்கறிஞரிடமிருந்து கற்றுக்கொண்ட சொல். கடையில் அதைச் சொல்ல முடியாது.

"கூடப் பொறந்தவருங்க."

"அப்ப ஏய்யா விட்டுட்டு வந்தீங்க?"

அந்த அம்மாள் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். அவர் எழுந்து, காசு கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி இறங்கினார்.

நான்கு கிலோமீட்டர் கீழே இருவரும் எதிர்ப்பட்டோம். கட்டித் தழுவிக்கொள்ளவில்லை. "பஞ்சரா?" என்றார் ஒருவர். "பாத்தா தெரியல?" என்றார் மற்றவர். ஒருவர் பம்பை எடுத்தார், மற்றவர் பெட்டியை எடுத்தார். ஒரு வேலியோரம் வண்டியைக் கவிழ்த்தோம்.

பஞ்சர் ஒட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. டியூபில் ஓட்டையைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. ஓட்டையைக் கண்டதும் ஒட்டிவிடலாகாது. வழுவழுப்பான ரப்பரில் எதுவும் ஒட்டாது. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பசையைத் தடவியதும் உடனே வைத்து அழுத்தவும் கூடாது. அது காயும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டை விழக் காரணமான பொருள் டயருக்குள் இன்னும் இருக்கிறதா என்று விரலால் உட்புறமெங்கும் தடவிப் பார்க்க வேண்டும். அதை எடுக்காமல் மாட்டினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி இறங்கிவிடும். நாங்கள் தடவிப் பார்த்தோம். லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பித் துணுக்கு ஒன்று, மயிரிழை பருமன், அரை விரற்கடை நீளம். டயரில் குத்தி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியவேயில்லை.

பசை காய்வதற்காகக் காத்திருந்த அந்த ஐந்து நிமிடத்தில்தான் எங்களில் ஒருவர், "அம்மாவை நான் பாத்துக்கல்லன்னு நெனைக்கிறியா?" என்று கேட்டார்.

வழக்கு வீட்டைப் பற்றியதன்று. வீட்டைப் பற்றியது என்று நாங்களும் நம்பினோம், வழக்கறிஞர்களும் நம்பினார்கள். எங்கள் தாய் இரண்டாண்டுகள் படுக்கையில் கிடந்தார். ஒருவர் உடனிருந்து பார்த்தார். மற்றவர் வெளியூரில் இருந்து பணம் அனுப்பினார். இரவில் விழித்திருந்தவருக்கு, பணம் அனுப்புவது எளிது என்று தோன்றிற்று. கடன்பட்டுப் பணம் அனுப்பியவருக்கு, அருகிருக்கும் பாக்கியம் தமக்கு இல்லையே என்றிருந்தது. தாம் அனுப்பியதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை என்றும் இருந்தது. இருவரும் தத்தம் சுமையே பெரிதென்று நம்பினோம். மற்றவர் சுமையை ஒரு நாளும் தூக்கிப் பார்த்ததில்லை. கல்லறைத் தோட்டத்து வாயிலில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் அந்தக் கம்பித் துணுக்கு. வீட்டுப் பத்திரங்களை நான்கு ஆண்டுகள் புரட்டியதெல்லாம், அதை எடுக்காமல் மேலே மேலே ஒட்டுப் போட்டதுதான்.

அழுதோமா என்று அக்கா கேட்டார். அழவில்லை. பசை காய்ந்துவிட்டது, ஒட்டி அழுத்தினோம். ஒருவர் டயரைப் பிடித்துக்கொள்ள மற்றவர் காற்றடித்தார். பண்ணைக்காட்டுக் கடையில் அந்த அம்மாள் புதிதாக இரண்டு தேநீர் கொடுத்தார்.

பிறகு வத்தலக்குண்டு மலைச்சாலையில் சேர்ந்து, பெருமாள்மலை, செண்பகனூர் வழியாக மாலையில் கொடைக்கானலை அடைந்தோம். 1895-இல் இயேசு சபையினர் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியைக் கடக்கையில் இருட்டத் தொடங்கியிருந்தது. 2,100 மீட்டர் உயரத்துக் குளிரில், போர்வைக்குள் அமர்ந்து அன்றிரவு தொடக்க நூலை எடுத்துப் படித்தோம். ஏசாவும் யாக்கோபும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்து சந்தித்த பகுதி. அண்ணன் ஓடிவந்து தம்பியைத் தழுவிக்கொண்டதைப் பலமுறை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அதற்கு அடுத்து வருவதை நாங்கள் கவனித்ததில்லை. சேர்ந்தே போவோம் என்று ஏசா அழைக்கிறார். பிள்ளைகள் சிறியவர்கள், ஆடுமாடுகள் கன்றுகளோடு இருக்கின்றன, அவற்றின் நடைக்கேற்ப மெல்ல வருகிறேன் என்று யாக்கோபு கூறுகிறார். ஏசா சேயிருக்குத் திரும்புகிறார். யாக்கோபோ சுக்கோத்துக்குச் சென்று அங்கே வீடு கட்டிக்கொள்கிறார். பின்னர் அவ்விருவரையும் ஒன்றாக நாம் காண்பது, தந்தை ஈசாக்கை அடக்கம் செய்யும்போதுதான்.

ஒப்புரவான உடன்பிறப்புகளும் ஒரே கூடாரத்தில் வாழவில்லை. ஆனால் தந்தையை அடக்கம் செய்ய இருவரும் வந்தார்கள். எங்கள் தந்தையும் சித்தப்பாவும் அந்த அளவுக்கும் வரவில்லை. மெல்ல வருபவரின் நடையை எவராவது ஒருவர் கணக்கில் எடுத்திருந்தால் வந்திருப்பார்களோ என்று பேசிக்கொண்டோம்.

நான்காம் நாள் தந்தையின் நினைவு நாள். கொடைக்கானல் சலேத் மாதா ஆலயத்துக்குக் காலையிலேயே சென்றோம். பிரெஞ்சு நாட்டு மறைப்பணியாளர் காலத்தில், 1866-இல் கட்டப்பட்ட சிற்றாலயம். அன்றைய திருப்பலியில் தந்தையின் பெயரோடு சித்தப்பாவின் பெயரையும் சேர்த்து நினைத்துக்கொண்டோம். ஒரே திருப்பலியில் அவ்விரு பெயர்களையும் நாங்கள் நினைத்தது அதுவே முதன்முறை.

பின்னர் பெருமாள்மலை வரை வந்து, பழனிச் சாலையில் இறங்கினோம். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு 64 கிலோமீட்டர். ஏற்றத்தில் விழுபவர் அரிது, இறக்கத்தில்தான் விழுவார்கள். ஏறும்போது உடல் களைக்கிறது, இறங்கும்போது கவனம் களைக்கிறது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் தொட முடியாதபடி சூடேறும். அதிகம் சூடேறினால் டியூபும் வெடிக்கலாம். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்; அடிக்கடி நின்று ஆறவிட வேண்டும். முன்னே செல்பவர் வளைவைப் பார்த்ததும், "பஸ் வருது", "மணல் கெடக்கு" என்று கத்துவார். பின்னே வருபவர் தாம் பார்க்காததை அவர் சொல்லுக்காக நம்பிப் பிரேக்கைப் பிடிப்பார். நான்கு ஆண்டுகளாக ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையையும் மற்றவர் நம்பியதில்லை. அன்று இரண்டு மணி நேரம், வளைவுக்கு வளைவு நம்பினோம். முன்னே செல்பவரை அடிக்கடி மாற்றிக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல். எதிர்க்காற்று. ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்லும் காய்கறி வண்டிகள் எங்களைக் கடந்த வண்ணமிருந்தன. ஒருவர் காற்றைத் தடுத்து முன்னே செல்ல, அவர் பின்னே ஒட்டிச் செல்பவருக்கு மிதிப்பது எளிதாகும். கிலோமீட்டர்க் கல்லுக்குக் கல் மாறி மாறிச் சென்றோம். மாலை நான்கு மணிக்கு அக்காவின் மடத்து வாயிலில் வண்டிகளை நிறுத்தினோம். மொத்தம் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். அவர் எங்களைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கதைகளில் வருவதுபோல் பங்கீடு இல்லாமற்போய்விடவில்லை. மார்ச் மாத வாய்தாவில், வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி இருவரும் சேர்ந்து கேட்டோம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, அங்கே இருதரப்பும் இணங்கிச் செய்துகொள்ளும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இதை அறியாத குடும்பங்கள் பல இருப்பதனால் இங்கே எழுதுகிறோம். வீடு இரண்டாகப் பிரிந்தது. நடுவே சுவரும் எழும்பியது. எங்களுக்குள் இன்னும் சில செய்திகளில் கருத்து வேறுபாடு உண்டு. கல்லறை வாயிலில் சொன்ன சொல்லைச் சொன்னவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். கேட்டவர் அதை மன்னித்தார். ஆயினும் மறந்துவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். உப்புத்தாள் தேய்த்த தடம் ஒட்டின் விளிம்பில் தெரியத்தான் செய்யும். காற்று நிற்கிறது, அது போதும்.

சித்தப்பாவின் மக்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறோம். வருகிற கல்லறைத் திருநாளுக்கு அவர்கள் ஊருக்குச் செல்வதாக இருக்கிறோம். நோய் கண்ட கிழங்கிலிருந்து வந்த கன்றுகள் நாங்கள். எங்கள் பிள்ளைகளாவது அந்நோயின்றி வளர வேண்டும் என்பதே விண்ணகத் தந்தையிடம் எங்கள் மன்றாட்டு.

பயணத்துக்குப் பின் பைகளைப் பிரித்தபோது பொருள்களை மாற்றிக்கொள்ள மறந்துவிட்டோம். சுவருக்கு இந்தப் பக்கத்து வீட்டில் பம்பு இருக்கிறது. அந்தப் பக்கத்து வீட்டில் பஞ்சர் பெட்டி இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் வண்டியில் காற்று இறங்கும்போதெல்லாம் ஒருவர் மற்றவர் வாயிற்படி ஏற வேண்டியிருக்கிறது. கடையில் இன்னொரு பம்பு வாங்குவது பெரிய செலவில்லை. இதுவரை இருவரும் வாங்கவில்லை.